மாட்டிக்கொண்ட பட்டன்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சின்ன விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் நான் விமானம் கழுவுகிறவன். ஆறு வருடமாகிறது. மொத்தம் நாலு விமானங்கள், அவற்றை நிறுத்த ஒரு ஹேங்கர், ஒரு ஓடுபாதை, அதன் ஓரத்தில் மேலே கண்ணாடி அறை வைத்த ஒரு குட்டை டவர். இறக்கையின் முன் விளிம்பில் மோதிக் காய்ந்துபோன பூச்சிகளை ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டாமல் எடுக்க வேண்டும். கையில் எப்போதும் வாளி இருப்பதால் என்னை எல்லாரும் வாளி என்றே கூப்பிடுகிறார்கள். இது தமிழ் பேசாத ஊர்; அவர்கள் பாஷையில் அந்தச் சொல் கேட்க அவ்வளவு மோசமாக இருக்காது.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெண்மணி முதன்முதலாகத் தனியாகப் பறந்தார். அவர் விமானத்தில் ரேடியோவுக்குப் பேசும் பட்டன் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டது. தனக்குள் பேசிக்கொண்டதாக அவர் நினைத்ததெல்லாம் ஆறு நிமிடம் டவரின் ஸ்பீக்கரில் ஓடியது. அவர் பேசியது தமிழில். அந்த மைதானத்தில் அவரை விட்டால் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும்தான். கண்ணாடி அறையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்துத் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள்.

நான் வேறொன்றைச் சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி பறந்திருக்க முடியாது.

அதுதான் நான் சொன்ன முதல் கதை. ஒரே வரி. நாலு பேர் கேட்டார்கள், நாலு பேரும் நம்பினார்கள். இது இரண்டாவது கதை. இதை யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை.

2.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு நோட்டில் பாதியை வீணாக்கினேன்.

"நீலவானம் அவளை இரு கைநீட்டி—"

(நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வானம் நீலமே இல்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. வானத்துக்குக் கையும் கிடையாது.)

"சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பறக்க ஆசை—"

(பொய். நான் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு ஆசையும் இருந்ததில்லையாம். நாற்பத்தைந்து வயதில், பல் டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது, பக்கம் கிழிந்த ஒரு பத்திரிகையில் எங்கள் பள்ளி விளம்பரத்தைப் பார்த்தாராம். வாய் வலிக்காமல் இருந்திருந்தால் பக்கத்தில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்திருப்பேன், விளம்பரம் கண்ணில் பட்டிருக்காது என்றார். இன்னொன்று, என்னால் அவரை அவள் என்று எழுத முடியவில்லை. கை வரவில்லை.)

"அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி, ஊரில் பாதிப் பேரைச் சாலையில் இறக்கிவிட்டவர். அந்தக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனாலும் திருப்பம் வந்தால் தரையை அழுத்தும். தூக்கத்தில்கூட அழுத்துவதால் போர்வை அந்த இடத்தில் மட்டும் நைந்துவிட்டதாகச் சொல்வார்.

நாங்கள் பழகியது ஒரு வண்டால். அவர் சேர்ந்த முதல் நாள், நான் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வராமல் அடம்பிடித்த ஒரு வண்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். யாரடா நீ, போன ஜென்மத்துக் கடன்காரன் மாதிரி ஒட்டிக்கொண்டாய் என்று. இறக்கையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் வெந்நீர் ஊத்திப் பாருங்க தம்பி."

அத்தனை வருடத்தில் அந்த மைதானத்தில் என் காதில் விழுந்த முதல் தமிழ். ஸ்பாஞ்சு கையிலிருந்து விழுந்து முகத்தில் உட்கார்ந்தது. அப்படித்தான் அவரை முதலில் பார்த்தேன், கண்ணில் சோப்புத் தண்ணீரோடு.

3.

இங்கே ஒரு கதாபாத்திரத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பறக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாரை முதலில் நரைத்த மீசையும் கனத்த குரலுமாக எழுதினேன். கதைக்கு எடுப்பாக இருக்கும் என்று. உண்மையில் அவருக்கு இருபத்துநாலு வயது. மீசை வரட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பாக்கெட்டில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். அவர் ஏறி இறங்கிய விமானத்தில் தூள் பொறுக்குவதே எனக்குத் தனி வேலை. எல்லாரும் அவரைச் சின்ன வாத்தியார் என்பார்கள்.

இவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அக்காதான். அதனால் விமானத்திலும் அவர் அக்காவை டீச்சர் என்றே கூப்பிட்டார். திட்ட வேண்டிய இடத்தில் வாய் வராமல் பிஸ்கட்டைக் கடித்துக்கொள்வார்.

"ரிவர்ஸ்ல மூணு தடவ ஃபெயிலான ஆளு," என்றார் அக்கா என்னிடம். "இப்ப என்னையக் கூட்டிக்கிட்டு மேல போறான்."

"விமானத்துல ரிவர்ஸ் கிடையாதேக்கா."

"அதான் பொழச்சான்."

விமானத்தைத் திருப்புகிற கைப்பிடியை அக்கா கடைசிவரை ஸ்டியரிங் என்றே சொன்னார். சின்ன வாத்தியார் திருத்தித் திருத்தி ஓய்ந்து, ஒரு நாள் தானே ஸ்டியரிங் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

4.

இப்போது பறக்கிற இடம். இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் மேலே இல்லை. இன்றுவரை ஒரு விமானத்திலும் ஏறிப் பறந்ததில்லை. அடிவயிற்றில் எண்ணெய் எங்கே கசியும், எந்த ஆணி துருப்பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேலேயிருந்து எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. அன்றைக்கு அக்காவின் குரல் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சின்ன வாத்தியார் டவர் வாசலில் இறங்கிக்கொண்டார். ஒரே ஒரு சுற்று டீச்சர், ஏறி, ஓடுபாதையைச் சுற்றி, இறங்கிவிடுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பக்கத்து சீட்டில் பிஸ்கட் தூள் மட்டும் இருந்தது. அக்கா ஓடுபாதையின் முனைக்குப் போய், பட்டனை அழுத்தி, கிளம்புகிறேன் என்று அறிவித்தார். விரலை எடுத்தார். பட்டன் வெளியே வரவில்லை. அது அவருக்குத் தெரியாது.*

* அந்த ரேடியோ இப்படி: பட்டன் அமுங்கியிருக்கும்வரை நாம் பேசுவது போகும், மற்றவர் பேசுவது வராது. அதனால் அக்காவுக்கு உலகமே சட்டென்று வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்திருக்கும். தனியாகப் பறப்பது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் துள்ளிக்கொண்டு எழுந்தது. "மெதுவா ராசாத்தி, மெதுவா," என்றது குரல். எங்கள் கண்ணாடி அறையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். "கழுத்த இறுக்காத. தோள விடு. மூச்சு விடுறது யாரு, நானா நீயா?" காரில் பதறுகிற மாணவர்களிடம் பேசுவது போலவே தன்னிடம் பேசிக்கொண்டு போனார்.

தரை கழன்றுகொண்டது. மைதானத்தின் வேலி ஒரு நூலாகி, அறுந்து, காணாமல் போனது. அரிசித் தண்ணீர் நிற வானத்துக்குள் விமானம் கரைந்தும் கரையாமலும் மிதந்தது. என்ஜின் சத்தம்கூட அவருக்குத் தூரத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல இருந்தது. இடது இறக்கையைச் சாய்த்தார். இறக்கை நுனியில் ஊர் தொங்கியது. அந்த இறக்கையை அன்று காலைதான் துடைத்திருந்தேன்.

(வீடுகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன என்று எழுதி அடித்துவிட்டேன். அக்கா சொன்னது வேறு.)

"அட," என்றது குரல். "எல்லாரும் எவ்ளோ அழகா வண்டி ஓட்டுறாங்க. இங்கருந்து பாத்தா ஒருத்தனும் தப்பே பண்ணல."

நான் கையில் துணியோடு கண்ணாடிப் பக்கம் நின்றிருந்தேன். சனிக்கிழமை டவர் கண்ணாடி துடைக்கும் நாள்.

5.

அந்தக் காலி சீட்டைப் பார்த்து அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.

"இருபது வருசமா அந்த சீட்டு என்னோடது. இன்னைக்குத்தான் காலியா பாக்குறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டா? யாருகிட்டயும் சொன்னதில்ல. போன மழைக்காலத்துல ஒரு பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன். பெரிய ரோடு. கண்ணு ஓரத்துலருந்து இருட்டிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் முழிச்சுப் பாத்தா மூணு சிக்னல் தாண்டிட்டோம். அந்தப் பொண்ணு ஜம்முனு ஓட்டிட்டு வருது. இன்னைக்குத்தான் டீச்சர் நீங்க என்னையத் திட்டவே இல்லன்னு சிரிக்குது. நானும் சிரிச்சேன். இங்க மெடிக்கல் ஃபாரத்துல கேட்டிருந்தாங்க, எப்பவாவது நினைவு தப்பியிருக்கான்னு. இல்லன்னு டிக் போட்டேன். கை நடுங்கவே இல்ல. அதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

கண்ணாடி அறையில் டவர்க்காரம்மா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் திரும்பினார். பள்ளியின் தலைவர், நாங்கள் பெரியவர் என்று சொல்கிறவர், அவரும் திரும்பினார். படியேறி மூச்சிரைக்க வந்து நின்றிருந்த சின்ன வாத்தியார் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார். டீச்சர் என்ன சொல்றாங்க, பயப்படுறாங்களா என்று கேட்டார்.

"செக்லிஸ்ட்," என்றேன். "எங்க பாஷையில செக்லிஸ்ட் சொல்லிக்கிட்டு வர்றாங்க."

"இவ்வளவு நீளமாவா?" என்றார் டவர்க்காரம்மா.

"எங்க பாஷையில எல்லாமே கொஞ்சம் நீளம்தான்."

சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

மேலே அக்கா இறங்க அனுமதி கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை. மூன்றாவது தடவை குரல் லேசாக உடைந்தது. டவர்க்காரம்மா அலமாரியிலிருந்து கைவிளக்கை எடுத்து, நான் துடைத்துவைத்த கண்ணாடி வழியாக விமானத்தைக் குறிபார்த்துப் பச்சை காட்டினார். ரேடியோ செத்துப்போனால் விளக்கைப் பார் என்பது முதல் வாரப் பாடம். பச்சை என்றால் இறங்கலாம்.

"ஓ, அங்க இருக்கீங்களா," என்றது குரல். குழந்தை மாதிரி.

விமானம் இரண்டு தடவை குதித்து மூன்றாவதில் தரையோடு சமாதானமானது.

6.

தனியாகப் பறந்து இறங்கியவரின் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பள்ளியில் வழக்கம். ஊற்றுவது நான். அன்றைக்கும் எல்லாரும் சுற்றி நின்று கைதட்ட, மெக்கானிக் பட்டனை நெம்பி எடுத்துக் காட்டி, நீங்கள் பேசியது முழுக்கக் கேட்டது என்று அக்காவிடம் சிரிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் முகம் வெளுத்தது. அந்த நேரத்தில் நான் வாளியோடு பின்னால் போய் நின்றேன்.

தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். பேச நேரம் வேண்டுமே.

"எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார் திரும்பாமல்.

"கேட்டுச்சுக்கா. புரிஞ்சது எனக்கு மட்டும்தான்."

"என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"செக்லிஸ்ட்டுன்னு சொன்னேன்."

தண்ணீர் தீர்ந்துவிட்டது. முடி முகத்தில் ஒட்டியிருக்க, அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கு தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. காற்று, மேகம், பூச்சி, அவர் மாணவர்கள் இடித்துவிட்டு வந்த கம்பங்கள் என்று எல்லாம் பேசுவோம். அந்த ஒன்றைச் சுற்றிப் போய்விடுவோம்.

7.

ஏன் பொய் சொன்னேன் என்பதற்கு மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். அவருக்காக என்று ஒன்று. நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை, அந்த ருசிக்காக என்று ஒன்று. அவர் போய்விட்டால் நான் மறுபடி வண்டோடுதான் தமிழ் பேச வேண்டும் என்று ஒன்று.

மூன்றாவதை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை.

8.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. அக்கா தனியாக எத்தனையோ மணி நேரம் பறந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் வேலையை விட்டுவிட்டு, சத்தம் திரும்பி வரும்வரை காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு சத்தம் எவ்வளவு நேரம் இல்லாமல் இருக்கலாம் என்று எனக்கு இப்போது கணக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை அவருக்கு லைசென்ஸ் பரீட்சை. பாஸானால் பக்கத்தில் ஆளை ஏற்றிக்கொள்ளலாம்.

"மொத ஆளு நீதான் தம்பி," என்றார் போன வாரம், இறக்கையைத் தட்டிக்கொண்டே. "ஆறு வருசமா கழுவுற. ஒரு தடவையாவது அது எங்க போயி அழுக்காகுதுன்னு பாக்க வேண்டாமா?"

சரிக்கா என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு. நாங்கள் இரண்டு பேரும் மேலே போகிறோம். ஆற்றின் மேல் எங்கள் நிழல் குட்டி மீனாக ஓடுகிறது. மேகத்தின் ஓரத்தை இறக்கை தொடுகிறது, அது ஈரமாக இருக்கிறது. நான் கழுவாத ஈரம். அக்கா பாதித் தமிழும் பாதிக் கையுமாக எல்லாவற்றையும் காட்டுகிறார். இறங்கிய பிறகு டாக்டரிடம் போகிறார். நினைவு தப்பிய அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் போனதுதான் காரணம், வேறொன்றுமில்லை என்கிறார் டாக்டர். இதை இரண்டு தடவை எழுதினேன். எழுதும்போது சுகமாக இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவது முடிவு. நான் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பெயரை மாணவர் பட்டியல் பலகையிலிருந்து அழிக்கிறார்கள். கடைசி நாள் அவர் தன் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு இறக்கைக்குப் பக்கமாக நடந்து போகிறார். நான் அடியில் படுத்திருக்கிறேன். அவர் செருப்பு மட்டும் தெரிகிறது. ஒரு நொடி நிற்கிறது. பிறகு போகிறது.

மூன்றாவது முடிவு. "நாங்கள் கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். ஆட்டாதே, கதவில் சாயாதே, அதைத் தொடாதே என்று அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கீழே ஊர் அவ்வளவு அழகாக இருந்ததில், அவர் திட்டுவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்—"

(இதற்கு மேல் எழுதவில்லை.)

9.

இதுவரை நீங்கள் நீங்கள் என்று யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த மைதானத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

அக்கா, நோட்டை உங்கள் விமானத்துக் கதவுப் பையில் செக்லிஸ்ட் அட்டைக்குப் பின்னால் வைக்கிறேன். நாளைக்கு வியாழக்கிழமை, பயிற்சிக்கு வருவீர்கள். என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அட்டையை எடுப்பீர்கள். இருபது வருடப் பழக்கம், எதையும் சரிபார்க்காமல் கிளம்ப மாட்டீர்கள்.

அந்த ஃபாரத்தை நீங்களே திருத்திக் கொடுக்கலாம். டாக்டர் என்ன சொல்கிறாரோ அது. பறக்கலாம் என்றால், சத்தியமாகப் பக்கத்து சீட்டில் நான். கூடாது என்றால், வேலியோரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் இறங்குவதைக் குறை சொல்லலாம், பேச்சுத்துணைக்கு நானும் வருகிறேன். ஃபாரத்தைத் திருத்தவே இல்லையென்றால், சனிக்கிழமை டவர் கண்ணாடி துடைக்கும் நாள். பெரியவர் அங்கேதான் நிற்பார். அந்த ஆறு நிமிடத்தை அவருக்கு மறுபடி சொல்வேன், இந்தத் தடவை ஒழுங்காக.

சொல்வேனா? இந்த வரியை மூன்று தடவை அடித்து நாலாவது தடவை எழுதியிருக்கிறேன்.

கோபம் வந்தால் திட்டுங்கள். திட்டிக்கொண்டே இருங்கள். அது நின்றுபோவதுதான் எனக்குப் பயம்.

இவ்வளவு பக்கமாக நானே பேசிக்கொண்டிருந்துவிட்டேன், உங்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்காமல். நான் பேசிக்கொண்டிருக்கும்வரை உங்கள் குரல் எனக்கு வராது. அதனால் பத்து என்று அடுத்த எண்ணைப் போட்டு, நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களை உங்களுக்கு விட்டிருக்கிறேன். பேனாவையும் செருகி வைத்திருக்கிறேன்.

பட்டனிலிருந்து விரலை எடுக்கிறேன்.